நூற்று மூன்று மதிப்பெண்

அவளை எல்லோரும் கட்-ஆஃப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றில், மாடிப்படி ஏறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் மேசை அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் போன் எடுப்பதும் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும்தான் வேலை. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கல்லூரிகள் சேர்க்கைப் பட்டியல் ஒட்டியதும், எந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவர் எத்தனை மதிப்பெண் என்று ஒரு நீள நோட்டில் குறித்துக்கொள்வாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தட்டுத் தடுமாறிப் பாஸானவள், இந்தக் கணக்கில் மட்டும் புலியாகிவிட்டாள்.

ஏழெட்டு வருஷத்து எண்கள் சேர்ந்தபோது, தேர்வு முடிவு வந்த மறுநாள் பிள்ளைகள் வகுப்பு ஆசிரியர்களை விட்டுவிட்டு அவள் மேசையைச் சுற்றி மொய்க்க ஆரம்பித்தார்கள். எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "ஆசைக்கு ரெண்டு, அளவுக்கு ரெண்டு, காவலுக்கு ஒண்ணு" என்பாள். உன் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் எட்டாத கல்லூரி இரண்டு, சரியாகப் பொருந்துவது இரண்டு, எப்படிப் போனாலும் கைவிடாதது ஒன்று. அதோடு இன்னொன்றும் சொல்வாள்.

"போன வருஷ நம்பர மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க. பேப்பர் கஷ்டமா இருந்தா எல்லாருக்குமே மார்க் இறங்கும், கட்-ஆஃபும் கூடவே இறங்கும். உன் மார்க்க பாக்காத, உனக்கு முன்னால எத்தன பேரு நிக்கிறாங்கன்னு பாரு."

இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பேர் வந்தது. பேர் வந்ததும் டைரக்டரின் கண் அந்த மேசை மேல் விழுந்தது. மையத்தை நடத்துகிறவரை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். ஒரு வருஷம், முடிவு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் மறுபடி எழுதுறவங்களுக்குன்னு தனி பேட்ச் போடறோம்மா. நூத்திப் பத்துக்குக் கீழ வாங்கினவங்ககிட்ட நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

"இந்த வருஷம் பேப்பர் ரொம்பக் கஷ்டம் சார். நூத்தி ரெண்டு, நூத்தி மூணுக்கெல்லாம் நல்ல இடத்துலயே கிடைக்கும்."

"கிடைக்கும்னு உனக்கு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"இல்ல சார். கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"உன்னப் பொய் சொல்லச் சொல்லல. போன வருஷ நம்பர அப்படியே சொல்லு, போதும். மிச்சத்த அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். மாடியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு ஆறு மாதமாக வீட்டில் இருந்தான். தலையாட்டாமல் வேறு என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் பின்னால் அவளை அதிகம் உறுத்தியது.

முடிவு வந்த மறுநாள் வெல்டர் மகள் வந்தாள். அப்பாவின் பட்டறையில் ரசீது எழுதிக்கொண்டே பட்டப்படிப்பை முடித்தவள். அதிகம் பேசமாட்டாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். நூற்றைம்பதுக்கு நூற்று மூன்று வாங்கியிருந்தாள். வெளியூர் அனுப்ப அப்பா சம்மதிக்கமாட்டார். அதனால் ஆசைக்கும் அளவுக்கும் காவலுக்கும் அவளுக்கு இருந்தது ஒரே கல்லூரி, பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி.

"அக்கா, பாலத்துக் காலேஜுக்குப் போடலாமா?"

அக்கா நோட்டைத் திறந்தாள். அந்த வருஷத்துச் சராசரி மதிப்பெண் ஏழு குறைந்திருப்பது பக்கத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. அந்த ஓரத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"போன வருஷம் அங்க நூத்தி ஏழுல முடிஞ்சிது."

"அப்போ எனக்குக் கிடைக்காதா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. போன வருஷம் நூத்தி ஏழு. அவ்வளவுதான்."

"விண்ணப்பக் கட்டணமே அப்பாவுக்குப் பெரிசுக்கா. வீணாப் போயிடுமோன்னுதான் கேக்கறேன்."

"புது பேட்ச் ஒண்ணு ஆரம்பிக்கறாங்க" என்றாள் அக்கா. தன் குரல் போனில் பதிவு செய்து வைத்த குரல் மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது.

அந்தப் பெண் விண்ணப்பத்துக்கு வைத்திருந்ததைப் புது பேட்சுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அது போல இன்னும் பதினோரு பேர். மற்றவர்கள் முகம் அக்காவுக்கு நினைவில்லை. அவர்களில் பலருக்கு நிஜமாகவே இடம் கிடைத்திருக்காது. இவளுக்குக் கட்டாயம் கிடைத்திருக்கும்.

ஆறு வாரம் கழித்துப் பாலத்துக் கல்லூரி வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். கடைசி மதிப்பெண் நூற்று ஒன்று. அக்கா அதை நோட்டில் ஏற்றினாள். பேனா எழுதாமல் மக்கர் பண்ணியது. உதறி உதறி எழுதினாள். மையத்தின் சுவரில் மாட்டும் கட்-ஆஃப் பட்டியலில் அந்த வருஷம் டைரக்டர் தனித்தனி வருஷத்து எண்களை எடுத்துவிட்டு, ஐந்து வருஷச் சராசரியை மட்டும் போடச் சொன்னார். அதையும் அவள்தான் தட்டச்சு செய்தாள்.

கணவனிடம் சொன்னாள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுவிட்டு, "நீயா சொன்ன? அவரு சொல்லச் சொன்னாரு. உம் மேல என்ன தப்பு?" என்றான். ஆறுதலுக்காகத்தான் சொன்னான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் வெல்டர் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். பட்டறைக்குப் பின்பக்கம் இரண்டு அறை, வாசலில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டில் இல்லை. அம்மாக்காரி இவளை யாரென்று தெரிந்ததும் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதானா அது? அவ வாயத் தொறந்தா கட்-ஆஃப் அக்கா, கட்-ஆஃப் அக்காதான். நல்லவேள, நீங்க சொன்னீங்க. இல்லேன்னா இவரு கட்டணத்தக் கட்டி ஏமாந்து போயிருப்பாரு."

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த டீயைக் குடித்தாள். பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றாள். எழுந்து வந்துவிட்டாள்.

அந்த ஒரு வருஷமும் அந்தப் பெண் ஒரு நாள் தவறாமல் வந்தாள். படியேறியதும் மேசையைப் பார்ப்பாள், "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போவாள். சில நாள் ஒரு விநாடி கூடுதலாக நிற்பாள். அக்கா பதிவேட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அடுத்த தேர்வில் நூற்று ஒன்பது வாங்கினாள். ஆறு மதிப்பெண் கூட. டைரக்டர் உடனே அவள் படத்தைப் போட்டு, 'ஒரே வருஷத்தில் 103-லிருந்து 109' என்று பெரிய பேனர் ஒன்று அச்சடித்து வாசலில் தொங்கவிட்டார். ஆனால் அந்த வருஷம் பேப்பர் சுலபம். எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். பாலத்துக் கல்லூரிக்கு இந்த முறை விண்ணப்பம் போட்டாள். அங்கே கடைசி மதிப்பெண் நூற்றுப் பதின்மூன்று.

பட்டியல் வந்த அன்று மத்தியானம், வகுப்பெல்லாம் முடிந்து ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். போன வருஷம் பாலத்துக் காலேஜ்ல கடைசியா எத்தனைக்கு எடுத்தாங்க?"

அக்கா நோட்டைத் திறக்கவில்லை. "நூத்தி ஒண்ணு" என்றாள். சொல்லிவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்மா. இறங்கும்னு தெரியும். சொல்லாம விட்டுட்டேன்" என்றாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"லிஸ்ட் ஒட்டின அன்னைக்கே போய்ப் பாத்தேன். பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன், இறங்கிப் பாத்தேன். நூத்தி ஒண்ணு."

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"முன்பணம் கட்டியாச்சு. கேட்டு என்ன ஆகப்போகுது?" அவள் பேச்சில் கோபம் இல்லை, அது இருந்திருந்தாலாவது தேவலை. "நீங்களா ஒரு நாள் சொல்வீங்கன்னு நெனச்சேன். தினமும் வந்து நின்னு பாத்தேன். இன்னைக்கும் நான் கேட்டதாலதான் சொல்றீங்க."

அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாசல்ல இருக்கற படத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்கக்கா. எங்க தெருவுல எல்லாரும் சீட்டு கிடைச்சிடுச்சுன்னு நெனச்சு விசாரிக்கறாங்க."

அக்கா அன்றைக்கே டைரக்டரிடம் போய்ச் சொன்னாள். "மார்க் ஏறினது உண்மைதானே? அதுல என்ன தப்பு?" என்றார் அவர். அவள் மறுபடி கேட்கவில்லை. பேனர் அடுத்த முடிவு வரும்வரை தொங்கியது. வெயிலில் வெளுத்து, கடைசியில் அந்தப் பெண்ணின் முகம் நீலமாகத் தெரிந்தது.

வெல்டர் மகள் மூன்றாம் முறை எழுதவில்லை. வீட்டுக்கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் போனில் பேசும் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்வி. அக்காவுக்குச் சம்பளம் கூடியது. 'சேர்க்கை ஆலோசகர்' என்று மேசை மேல் ஒரு பலகையும் வந்தது. கணவன் எழுந்து நடமாடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவள் வேலையை விடவில்லை. விடலாம் என்று இரண்டு முறை கடிதம் எழுதினாள். இரண்டு முறையும் கிழித்துப் போட்டாள். வேறு எங்கே போனாலும் மறுபடி போன் எடுக்கிற வேலையில்தான் தொடங்க வேண்டும்.

நாலு வருஷம் போயிருக்கும். காய்கறிக் கடையில் வெல்டர் மனைவி எதிரே வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் மக இந்த வருஷம் எழுதறா. உங்ககிட்டதான் அனுப்பணும்னு இருக்கேன். எங்க பொண்ணுக்குத்தான் அதிர்ஷ்டம் இல்ல. ஆனா உங்களப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல."

அக்கா கையை விடுவித்துக்கொள்ள ஒரு சாக்குத் தேடினாள். பையில் இருந்த தக்காளி நசுங்குகிறது என்றாள். பிறகு ஊரின் மறுபக்கம் இருக்கும் வேறொரு மையத்தின் பேரைச் சொல்லி, அங்கே அனுப்பச் சொன்னாள்.

"ஏன், உங்க இடத்துக்கு என்ன?"

"எங்க இடத்துல இப்ப கூட்டம் ஜாஸ்திக்கா. கவனிக்க மாட்டாங்க" என்றாள்.