சமையற்கட்டில் கேட்ட ஆமென்

எட்டாவது வரை படித்த நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கணவர் இறந்த பிறகு வீட்டில் தறியும் நானும்தான். எங்கள் தெருவில் வேறு கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. காஞ்சிபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்கள் தியான முகாம் என்றதும், நாலு பேரோடு பேசலாம் என்று ஆசையாகப் போனேன். போன இடத்திலும் கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. முகாம் முடிவதற்கு முந்தின நாள் மாலை வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபம் பண்ணச் சொன்னார்கள். என் முறை நெருங்கியது. மெல்ல எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே வாலாஜாபாத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“நீயும் ஓடியாந்துட்டியாம்மா?” என்றார்.

“வெங்காயம் உரிக்கலாம்னு வந்தேங்கா.”

“நானும் அதுக்குத்தான் வந்தேன். நாளைக்கு ஆவுறதையும் உரிச்சிட்டேன்” என்று சிரித்தார். “உன் முறை வந்திருந்தா என்னா கேட்டிருப்பே?”

“சாயந்தரம் ஆனா பேச்சுத்துணைக்கு ஆளில்லக்கா. அதைப் போய் எப்படிக் கேக்குறது?”

“கேட்டா என்னா? இங்கயே கேளு. நான் ஆமென் சொல்றேன்.”

கேட்டேன். கையில் வெங்காயத்தோடு அவர் ஆமென் சொன்னார். பிறகு அவர் தன் மகனுக்காக ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன்.

எனக்கென்று நான் கேட்டதற்கு இன்னொருவர் ஆமென் சொன்னது அதுவே முதல் தடவை. ஆண்டவர் என் ஜெபத்தையும் கேட்கிறார் என்று அன்றுதான் முழுசாக நம்பினேன்.

மறுநாள் அவர் வாலாஜாபாத் பஸ் ஏறினார். நான் வீட்டுக்கு வந்து, சாயந்தரம் சத்தமாக ஜெபம் பண்ணினேன். ஆமென்னையும் நானே சொல்லிக்கொண்டேன்.