சொல்லாமல் வைத்த விடை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, கோவை மருத்துவமனையிலிருந்து சுலோசனாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார்.

குன்னூரில் எங்கள் பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில் நெடுங்காலம் சுலோசனாவுடன் பணியாற்றியவன் நான். ஒரு திரவம் எவ்வளவு வெப்பத்தை ஏற்கும், எவ்வளவு கடத்தும் என்பதற்கு நூல்களில் அளவு கிடைக்காதபோது, அதை ஒத்த திரவங்களைக் கொண்டு மதிப்பிடுவது எங்கள் வேலை. "சொந்தக்காரங்கள விசாரிச்சு மாப்பிள்ளைய எடை போடறதுங்க சார்" என்பார். அவரை அறிந்து இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களுக்கு அவருடைய சிரிப்பும் கேட்கும்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. இருவரும் தனித்தனி அறைகளில், வெவ்வேறு முறைகளில் கணக்கிட வேண்டும். இருவரும் முடிக்கும்வரை விடையைச் சொல்லக் கூடாது. விதியை வகுத்தவன் நான். அதைக் காத்தவர் அவர்.

சோலூர்ப் பக்கம் ஒரு நீலகிரித் தைல ஆலைக்கு, ஆவியைக் குளிர்விக்கும் கலன் அமைக்க வேண்டியிருந்தது. எங்கள் விடைகள் அப்படியே ஒத்துப்போயின. எனக்கு மகிழ்ச்சி. அவர் முகம் சுருங்கியது.

"வேற வேற முறையில போட்டா இவ்வளவு ஒத்துப்போகாதுங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளத்துல உழுந்திருக்கோமுங்க."

"ஏனுங்க அம்மிணி, ஒத்துப்போனா நல்லதுதானுங்களே?" என்றார் ஆலை உரிமையாளர்.

"உங்க ஆளுங்க அடுப்புக்கிட்ட நிக்கறாங்க. தீப்பிடிக்கற தைல ஆவி தப்பி அங்க போனா என்னாகுமுங்க?"

மாலைக்குள் சுலோசனா பிழையைக் கண்டுபிடித்தார். இருவருமே சமவெளிக்குரிய கொதிநிலையை எடுத்திருந்தோம். மலை உயரத்தில் கொதிநிலை குறைவு. ஆவிக்கும் குளிர்நீருக்கும் உள்ள வெப்ப இடைவெளியும் குறையும். கலன் பெரிதாக வேண்டும். "மலையில குடியிருந்துட்டு கடற்கரைக் கணக்குப் போட்டிருக்கோம்" என்றார்.

மருத்துவமனையில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, கூடலூர் ஆலை ஒன்றின் புதிய தைலக் கலவைக்கான கணக்கு எங்கள் கையில் இருந்தது. என் பங்கை முடித்திருந்தேன். "உங்க விடையச் சொல்லிராதீங்க சார். ஊட்டுக்கு வந்ததும் நான் போடறேன்" என்றார், மூச்சிரைக்க. அவர் வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். நான் விடையைச் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்தபின், அவருடைய முறையில் நானே கணக்கிட உட்கார்ந்தேன். தெரிந்த விடையை நோக்கியே கை போயிற்று. ஒருவனே இருவராக முடியாது. கூடலூரிலும் அடுப்பருகே ஆட்கள் நிற்கிறார்கள். ஆகவே கோவையில் முன்பின் அறியாத ஒரு பொறியாளருக்குக் கேள்வியை மட்டும் அனுப்பினேன்.

"உங்களுக்கு எவ்வளவு வந்துச்சுங்க சார்?" என்று கேட்டார்.

"நீங்க முடிச்சதும் சொல்றேனுங்க" என்றேன்.

சுலோசனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, விடையைச் சொல்லாமல் காக்கும் இந்தக் கட்டுப்பாடு ஒன்றே. கோவையிலிருந்து விடை வரக் காத்திருக்கிறேன்.