மாமனார் மலை இறங்கிய கதை

டிஸ்க் அக்கா என்றால் அந்த ஊரில் ஜீப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். உதிரிபாகக் கடையில் பெட்டி எடுத்துக் கொடுக்க வந்தவள், அதை வண்டியில் மாட்டுகிறவர்களின் அழிச்சாட்டியம் பொறுக்காமல் தானே ஸ்பானரைக் கையில் எடுத்தாள். பதினாறு வருடமாக பிரேக் வேலை மட்டும்தான். முன்னால் இரும்பு பம்பர், மேலே கூடாரம், பின்னால் தண்ணீர்த் தொட்டி, போதாக்குறைக்கு இடுப்புயர டயர் என்று ஆட்கள் வந்து நிற்பார்கள்.

“ஏத்துறதை எல்லாம் ஏத்திட்டு நிக்க மாட்டேங்குதுன்னா எப்படி? வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசியவள் சொந்த வீட்டு வண்டியில் கோட்டை விட்டாள். போன வருடம் மாமனார், தன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலை இறங்கினார். புது பம்பர், கூரை நிறையச் சாமான். பிரேக் சூடேறி, பெடல் மெத்தென்று அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து ஒரு மண்மேட்டில் முட்டி நிறுத்தினார். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பேத்தியை போனில்தான் பார்க்கிறார். கூப்பிட்டால் முட்டிவலி என்பார்.

அவளுக்கு அது நெஞ்சை அறுத்தது. அந்த வண்டிக்குப் பெரிய டிஸ்க், சூடு தாங்கும் பிரேக் பேடு, உப்பாத ஹோஸ், புது பிரேக் ஆயில் என்று எல்லாவற்றையும் மாற்றினாள். புது பேடு டிஸ்கோடு படிய வேண்டுமே! அறுபதில் ஓட்டி, பத்துக்குக் குறைத்து, மறுபடி அறுபது என்று பத்துத் தடவை போய்வந்தாள். பார்த்தவர்கள் புதிதாக ஓட்டப் பழகுகிறாள் என்று சிரித்தார்கள்.

“மாமா, பாரத்துக்குத் தண்ணி டிரம் ஏத்தி வெச்சிருக்கேன். மலை இறங்கிப் பாக்கணும், கூட வாங்க.”

“முட்டி வலிக்குதும்மா.”

“முட்டிக்கு அங்க என்ன வேலை? உக்காந்து குறை சொல்லுங்க போதும். அதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே.”

உள்ளே மாமியார் சிரித்துவிட்டார். அதற்குமேல் மாமனாரால் மறுக்க முடியவில்லை.

இறக்கம் முழுக்கக் கைப்பிடியை விடாமல் வந்தவர், மிகச் செங்குத்தான இடத்தில், “இங்க நிறுத்து பாக்கலாம்” என்றார். அவள் மிதித்தாள். டிரம்கள் குலுங்கின, வண்டி நின்றது. அவர் இறங்கிப்போய்ச் சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தார்.

“கருகின வாசனையே இல்லை. அன்னிக்கு நான்தான் அதிகமா மிதிச்சுக் கெடுத்துட்டேன். வயசாயிடுச்சு.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் அவர் வண்டியைத்தான் நம்பவில்லை என்று நினைத்திருந்தாள்.

“ஐயோ மாமா! பம்பரை மாட்டிட்டு பிரேக்கைப் பாக்காம விட்டவ நான். வேற யார் ஓட்டியிருந்தாலும் பள்ளத்துக்குள்ளதான் போயிருப்பாங்க.”

அவர் சக்கரத்தை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“தள்ளி உக்காரு. என் பொண்ணுக்கு போன் போடு. அப்பா ஓட்டிட்டு வர்றார், பிள்ளையத் தூங்க வெச்சிடாதேன்னு சொல்லு.”