நீலத் தொப்பிக்காரர்

நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில், சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாயமேறி வரும் துணி, வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட நிறத்தில்தான் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. வழக்கமாக அவர்கள் ஒரு துண்டுத் துணியையோ, நிறத்தின் எண்ணையோ அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை அமெரிக்கக் கடை ஒன்றுக்கான டி-ஷர்ட் ஆர்டரில், அதற்குப் பதிலாக ஒரு சின்ன அட்டை வந்தது. சீட்டுக்கட்டின் சீட்டு அளவுதான் இருக்கும். அதில் நீலத் தொப்பி போட்ட ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, படத்துக்கு வெளியே இருக்கும் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தொப்பியின் நீலம்தான் துணிக்கும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த நீலம் எங்களுக்குச் சுலபத்தில் பிடிபடவில்லை. சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டையும் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து விளக்குப் பெட்டிக்குள் பார்ப்பேன். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு வெளிச்சத்துக்கு இன்னொன்று. வெள்ளை விளக்கில் அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்போல இருப்பார். மஞ்சள் விளக்கைப் போட்டால் அதே முகத்தில் சாயங்காலம் வந்துவிடும். துணியைப் பார்க்க வேண்டிய நேரத்தில், இவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். தையல் மெஷின்களின் சத்தமெல்லாம் அப்போது எங்கோ மழை பெய்வதுபோலத் தூரத்தில் கேட்கும்.

ஆர்டர் கப்பலேறிய பிறகு மேனேஜரிடம் அட்டையைக் காட்டிக் கேட்டேன். “இது இனி வேணுமுங்களா?”

“இல்லீங்க்கா, எடுத்துக்கங்க. யாருங்க அது?”

“தெரியலீங்க,” என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அது பேஸ்பால் என்ற ஆட்டம் என்பதையே அட்டையின் பின்பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பொடிப்பொடியாக எண்கள். அவர் பிறந்தது சோளம் விளையும் ஏதோ ஒரு சிற்றூராம், ஓய்வு நேரத்தில் மீன் பிடிப்பாராம். போனில் அவர் பெயரைத் தேடினால் வேறு அட்டைகளும் வந்தன. ஆட்டக்காரர்களின் படத்தை இப்படி அச்சடித்து விற்பதும், அதை வாங்கிச் சேர்ப்பதும் அங்கே பெரிய பழக்கம் போலிருக்கிறது. நட்சத்திரங்களின் அட்டைக்குப் பெரிய அடிதடி. இவருடையதைச் சீந்துவார் இல்லை. அதனால் என்னால் வாங்க முடிந்தது.

விற்றவர் அமெரிக்காவில் தனியாக வாழும் ஒரு பெரியவர். முதல் அட்டையை அனுப்பும்போதே செய்தி போட்டுக் கேட்டார்: “இத்தனை வருஷமாக விற்கிறேன், இவரை யாரும் கேட்டதில்லை. இந்தியாவிலிருந்து நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?”

கம்பெனியில் எழுதிப் பழகிய ஆங்கிலத்தில், “எனக்கு இவரைத் தெரியும்,” என்று பதில் போட்டேன். அனுப்பிய பிறகுதான் அது எப்படிப் படும் என்று தோன்றியது. அவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு இவருடைய அட்டை எது கண்ணில் பட்டாலும் எனக்கென்று எடுத்துவைத்தார்.

உறைகள் வாரக்கணக்கில் பயணம் செய்து வரும். மற்ற ஆட்டக்காரர் யாரையும் நான் வாங்கவில்லை. இவர் ஒருவர் மட்டும்தான். ஓர் அட்டையில் மீசை முளைக்காத பையன். இன்னொன்றில் தாடி. அணி மாற மாறத் தொப்பியின் நிறமும் மாறியது: சிவப்பு, பச்சை, மறுபடி வேறொரு நீலம். எந்த அணியும் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை என்பது அட்டைகளை வரிசையாக வைத்தபோதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவற்றைக் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்ப்பேன். ஒரு மனிதர் பல ஊர்களின் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வயதாகிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். கனவில் பச்சையாக ஒரு மைதானம் வரும், அதில் ஆள் இருக்காது, சத்தம் மட்டும் இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்தது. “ஏம்புள்ள, சாமி ரூம்ல முருகன் பக்கத்துல கொண்டுபோயி வெக்காம இருந்தாச் சரி,” என்பார். அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வட்ட மெஷின்களைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தவர். ஒருநாள் துணி ரோலைத் தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், ஆனால் பாரம் தூக்கக் கூடாது, நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு சின்ன நிட்டிங் யூனிட். பகலெல்லாம் அதன் சத்தம் கேட்கும். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மெஷின் நின்றால் தலையைத் திருப்புவார். ஓடத் தொடங்கியதும் மறுபடி சுவரைப் பார்ப்பார். நான் வேலைக்குப் போகும்போது எப்படிப் படுத்திருந்தாரோ, வரும்போதும் அப்படியே இருப்பார். சாப்பிட்டீங்களா என்றால் “ம்”. வலிக்குதுங்களா என்றாலும் “ம்”. டிவி வேண்டாம், உறவுக்காரர்கள் வந்தாலும் பேச்சில்லை. கலகலவென்று பேசுகிற மனிதர்.

அந்த வருஷம் புது அட்டைகள் வெளிவந்தபோது தொப்பிக்காரருடையது வரவில்லை. பெரியவரிடம் கேட்டேன். தோள்பட்டையில் ஆபரேஷன், இந்த வருஷம் ஆடுவது சந்தேகம், வயதும் ஆகிவிட்டது என்று பதில் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, பதிலை எதிர்பார்க்காமல் சொன்னேன். “அந்தத் தொப்பிக்காரருக்கும் ஆபரேஷனாமுங்க. தோள்ல.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “எந்தத் தோளு?”

கை நின்றுவிட்டது. “வலதுங்க.”

“எறியற கையா?”

“ஆமாங்க.”

சுவரிலிருந்து இந்தப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, “அட பாவமே,” என்றார். “அந்தச் சீட்டையெல்லாம் கொண்டா, பாக்கலாம்.”

கீரையை அப்படியே வைத்துவிட்டு எடுத்துவந்தேன். அவர் படுத்தபடியே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பார்த்ததை நெஞ்சின்மேல் அடுக்கினார். மூச்சு விடும்போது அட்டைகள் ஏறி இறங்கின.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள், “மூணு பேர் அவுட்டானா பேட்டிங் மாத்திக்கோணும், தெரியுமா?” என்றார். பகலெல்லாம் போனில் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். வருஷக்கணக்காக அட்டை சேர்த்த எனக்கு ஆட்டமே தெரியாது. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அடித்துவிட்டு நான்கு மூலையையும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், அப்போதுதான் ஓர் ஓட்டம்.

“கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குங்க ஓடோணும்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

அப்போதிருந்து தொப்பிக்காரர் எங்கள் வீட்டில் “நம்மாளு” ஆகிவிட்டார். நம்மாளு இன்னைக்குப் பந்து எறிஞ்சு பாத்தானாம். நம்மாளுக்கு மறுபடி வீக்கமாம். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை என் வீட்டுக்காரர் முணுமுணுக்காமல் செய்யத் தொடங்கினார். முதலில் வாசல்வரை நடந்தார், பிறகு தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை. நம்மாளைப் பார்த்துத்தான் நடந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் போனைத்தான் எடுப்பார்.

அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை. எங்கள் சமையலறை மேடையில் போனைச் சாய்த்துவைத்திருப்போம். ஜன்னலுக்கு வெளியே காக்காய் கரையும், பால்காரர் மணியடிப்பார். போனுக்குள்ளே விளக்கு வெளிச்சத்தில் பச்சைப்பசேல் என்று புல். அங்கே முடிந்துகொண்டிருக்கும் நாளும் இங்கே தொடங்கும் நாளும் ஒரே அடுப்பங்கரையில் இருந்தன. இட்லி வெந்த ஆவி படிந்து திரை மங்கும். துடைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரங்களில் நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோகும்.

ஒருநாள் காலை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து சத்தம். “புள்ள! ஓடியா! எறங்கீட்டான்!”

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். வேறு யாருக்கோ பதிலாகத்தான் இறக்கியிருந்தார்கள். தொப்பி இப்போது கறுப்பு. முகம் மெலிந்திருந்தது, ஆனால் அவரேதான். அட்டைக்குள்ளேயே பார்த்துப் பழகிய ஆள் அசைவது விசித்திரமாக இருந்தது. நடக்கும்போது லேசாக ஒரு பக்கம் சாய்வார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பந்து அவரிடம் வந்தது. பிடித்து, எறிந்தார். அது நேராகப் போய்ச் சேர்ந்தது.

“தோளு பரவால்ல,” என்றார் என் வீட்டுக்காரர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மட்டையோடு வந்தபோது நம்மாள் ஒன்றும் அடிக்கவில்லை, அவுட்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவர் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். கறுப்புத் தொப்பியோடு ஒரே ஓர் அட்டை வந்தது, பெரியவர் அதை விலை வாங்காமல் அனுப்பினார். என் வீட்டுக்காரருக்கு எங்கள் கம்பெனியிலேயே, பட்டன், லேபிள், நூல் வைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. மெஷின் சத்தம் இல்லாமல் ஆரம்பத்தில் காதுக்குள் ஒருமாதிரி இருக்கிறது என்றார். மழைக்காலத்தில் முதுகு இன்னும் வலிக்கிறது.

போன ஆடியில் பொங்கலூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். வழியில் ஒரு கல்லூரி மைதானம். பெண்பிள்ளைகள் கையில் பெரிய தோலுறை மாட்டிக்கொண்டு அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். “நிறுத்து, நிறுத்து,” என்று என் முதுகில் தட்டினார். இப்போதெல்லாம் ஸ்கூட்டி ஓட்டுவது நான்தான். கம்பிவேலி ஓரமாக நின்று பார்த்தோம். ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போனது. பின்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் எங்களிடம் வந்தார். “ஏனுங்க, உங்க பொண்ணு வெளையாடுதுங்களா?”

“இல்லீங்க, சும்மா பாக்கறோமுங்க,” என்ற என் வீட்டுக்காரர், அதோடு விடாமல், “அந்த ரெண்டாவது மூலையில நிக்கற புள்ள இன்னும் கொஞ்சம் பின்னால நிக்கலாமுங்க, காத்து அடிக்குதில்ல,” என்றார்.

டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எத்தனை தடவ சொல்றது அவகிட்ட! உள்ள வந்து உக்காருங்க.”

பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமாகப் பிள்ளைகளின் பைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். ஒரு பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். என் தொழில் புத்தி, முதலில் தையலைத்தான் பார்த்தேன். சிவப்பு நூலில், கையால் போட்ட தையல், ஓரிடத்திலும் பிசிறில்லை.

“எறி புள்ள,” என்றார்.

எறிந்தேன். பாதியில் விழுந்தது. ஒரு பெண் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு, “தேங்க்ஸ்ங்க்கா,” என்று கத்திவிட்டு ஓடினாள். ஆட்டம் முடிந்தபிறகுதான் எழுந்தோம். காதுகுத்து வீட்டில் எல்லாரும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பந்தியில், பரிமாறுகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்.