தாபு என்ற பேரும் எங்கள் பெரிய மனுசர்களும்

என் தங்கச்சி மகள் ஆப்பிரிக்காவில், மொம்பாசாவில் பிறந்தவள். மாப்ளைக்கு அங்கே ரயிலாபீஸில் குமாஸ்தா வேலை. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதுக்கு மூன்று நாள் வலி. பக்கத்து வீட்டுச் சுவாகிலிக்காரி ஒருத்தி கூடவே கிடந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்து, தாபு என்று பேரும் வைத்தாளாம். அவர்கள் பாஷையில் கஷ்டம் என்று அர்த்தம். பாடுபட்டுப் பெற்ற பிள்ளைக்கு அப்படி வைப்பது அங்கே வழக்கமாம். பிறகு தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயசுப் பிள்ளையோடு மாப்ள திருமங்கலம் வந்து சேர்ந்தார்.

காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடி என்னுடையது. நானோ, வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரே என்று மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கறி பத்துமா, பிள்ளை மிரளுமா என்று ரெண்டு நாளாய்த் தூக்கமில்லை. பேரைப் பற்றி மட்டும் கவலைப்படத் தோணவில்லை.

"பேரென்ன தாயி?" என்றார் ஆசாரி.

"தாபு!"

சிம்மக்கல்லில் மண்டி வைத்திருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "கறுப்பன் வச்ச பேரா? என்ன அர்த்தம்?" கேட்டவர் நிறம் பனங்கருப்பட்டி.

"கஷ்டம்னு அர்த்தம், மாமா," என்றார் மாப்ள.

பந்தலே சிரித்தது. "பெத்த பிள்ளைக்கு எவனாச்சும் கஷ்டம்னு பேரு வைப்பானா?"

சிரித்த மூஞ்சிகளைப் பார்த்தேன். முன்னால் பிறந்த மூன்றும் செத்ததால் குப்பையில் உருட்டிக் குப்பை என்றே பேர் வைக்கப்பட்டவர் பெரியப்பா. மண்டி வைத்தபின் பேரின் வாலில் ஒரு சாமியை ஒட்டிக்கொண்டார். அவருடைய நாலாவது மகள் பேர் போதும்பொண்ணு. சுவாகிலிக்காரி, தங்கச்சி பட்ட பாட்டைத்தான் பேராக்கினாள். பிள்ளையைப் போதுமென்று சொல்லவில்லை.

"மீனாட்சின்னு மாத்து. இல்லேன்னா ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம்," என்றார் பெரியப்பா.

அம்புட்டுக் கறியும் வீணாகுமே என்று தலையை ஆட்டிவிட்டேன்.

"மச்சான், அவ ஆத்தா வாய் நிறையக் கூப்பிட்ட பேரு அது," என்றார் மாப்ள. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"மீனாட்சி, காதைக் காட்டு," என்றார் ஆசாரி. பிள்ளை அசையவில்லை. நானும் கூப்பிட்டேன். என் மடியிலிருந்தே பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அது யாரு மாமா?" என்று கேட்டாள்.

பெரியப்பா பக்கம் திரும்பிச் சொன்னேன்: "பெரியப்பா, பேரு தாபுதான். சாப்பிடுறவுக சாப்பிடட்டும்."

அவர் துண்டை உதறி எழுந்தார். பந்தலில் பாதி அவர் பின்னால் போனது. "தாபு, தலையைச் சாய்" என்றேன். சாய்த்தாள்.

இலை போட்டோம். குழம்பு வாசம் தெருமுனை வரை போயிருக்கும். போன மானஸ்தர்களில் ஏழெட்டுப் பேர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். பேரைப் பற்றி ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. எலும்புதான் அதிகம் என்று குறை வேறு.