சிவப்பு மையில் எழுதிய எடை

மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்களே, அவளுக்கு அது வந்து போகிற வழக்கமே இல்லை. அங்கேயே குடியிருந்தது. ஊர் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு அக்கா. கிராமத்துச் சுகாதார நிலையத்தின் ஒரே நர்ஸ். பதினாறு வருஷமாக, தோளில் எடை மெஷின், கையில் இடுப்பளக்கும் டேப், வாய் நிறையத் திட்டு என்று வீடு வீடாக ஏறி இறங்கியவள்.

தடுப்பூசி, பிரசவம் என்று இருந்த வேலை நாலு வருஷமாக உடல் பருமன் பக்கம் திரும்பியிருந்தது. வயலில் இயந்திரம் இறங்கியதும் பாதிப் பெண்கள் காய்கறி பேக் செய்யும் கொட்டகைக்குப் போனார்கள். பத்து மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்த வேலை. நடுவில் இரண்டு முறை பன்னும், சர்க்கரை அள்ளிப் போட்ட டீயும். குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. கலர் பாட்டில் அடுக்கிய ஐஸ் பெட்டி மட்டும் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு, “வாயைக் கட்டத் தெரியாதவளுங்க” என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவள்தான் அந்தப் பலகையை மாட்டினாள்.

யோசனை மாவட்ட அதிகாரியுடையது. “போட்டின்னு ஒண்ணு இருந்தாத்தாம்மா ஜனங்க இறங்குவாங்க” என்றார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை எடை நாள். குறைந்தவர் பெயர் பச்சை மையில், கூடியவர் பெயர் சிவப்பு மையில், நிலையத்து வாசலில். எழுதியது அவள். முத்து முத்தான கையெழுத்து. மூன்றே மாதத்தில் பலகை பயிர் மாதிரி பச்சையானது. அதிகாரி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

எப்படிக் குறைந்தார்கள் என்பது அவள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதி வீடுகளில் பெண்கள் சமைப்பார்கள், சாப்பிட மாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, வளையலையும் கொண்டை ஊசியையும் கழற்றி வைத்துவிட்டு மெஷினில் ஏறுவார்கள். எடை பார்த்த கையோடு நேரே பன் கடை. அங்கே நிற்க இடம் இருக்காது. அவளும் பார்த்துச் சிரித்திருக்கிறாள். பச்சை மை கண்ணை மறைத்தால் நர்ஸுக்கும் ஒன்றும் தெரியாது.

அவளுடைய சொந்தத் தங்கச்சியும் அந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். சர்க்கரை வியாதிக்காரி. மாத்திரை கொடுப்பது அக்காதான். பலகையில் இரண்டு மாதமாக அவள் பெயர் சிவப்பு. நாலாவது எடை நாளில், அவளுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது, வரிசையிலேயே வேர்த்து விறுவிறுத்துச் சரிந்தாள். நிலைப்படியில் நெற்றி இடித்து ரத்தம் வந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆளே இல்லை.

தங்கச்சி கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, “எடை பாத்தியாக்கா?”

“என்னடி?”

“இன்னைக்குக் குறைஞ்சிருக்கும். நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல.”

“வெறும் வயித்துலயா மாத்திரை போட்ட? உனக்கு அறிவிருக்கா?”

“ஒரு நாளும் விடக் கூடாதுன்னு நீதானே சொன்ன.” தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “கொட்டகையில என்னைச் சிவப்புன்னுதான் கூப்பிடறாங்க. மேஸ்திரிகூட. உன் கையெழுத்துதானேக்கா அது.”

பட்டாசுக்கு அன்றைக்கு முதல் முறையாகக் கோபம் தன் மேலேயே வந்தது.

அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“ஒரு ஆளு மயங்கினதுக்காகத் திட்டத்தை நிறுத்துவாங்களாம்மா? அறுபது பேரு பச்சையில இருக்காங்க.”

“அது குறைஞ்ச எடை இல்ல சார். பட்டினி.”

“அடுத்த வாரம் நான் வரேன். போர்டு இருக்கணும்.”

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மை போகவில்லை, பச்சையும் சிவப்பும் குழம்பி இன்னும் அசிங்கமானது. குறடு வாங்கி வந்து ஆணியைப் பிடுங்கினாள். நிலையத்து முன்னால் சாக்கடை மேல் போட்டிருந்த கல் உடைந்து வருஷம் இரண்டு ஆகிறது. மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்திருந்தது. அந்த இடத்தில் பலகையைக் குப்புறப் போட்டாள். யார் பெயர் மேலும் யார் காலும் படக் கூடாது.

அதிகாரி வந்தார். “போர்டு எங்கே?”

“இப்ப மிதிச்சிட்டு வந்தீங்களே சார், அதுதான்.”

அவர் முகம் கறுத்தது. “உன் மேல எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதுங்க சார். பச்சையிலயா சிவப்புலயான்னு மட்டும் சொல்லிட்டு எழுதுங்க. அதுக்கு முன்னாடி கொட்டகை வரைக்கும் வாங்க, அங்க குடிக்கத் தண்ணி இருக்கான்னு பாப்போம்.”

அவருக்கு வேறு மீட்டிங் இருந்தது. எழுதிவிட்டார், ஒரு வருஷ ஊதிய உயர்வு போயிற்று. அது அவளுக்கு வலிக்கவில்லை. பலகை எழுதிய கையை நம்பாமல், நாற்பது நாள் நிலையத்துப் படியை ஒரு பெண்ணும் மிதிக்காததுதான் வலித்தது. மாத்திரையை வாங்கக்கூடத் தங்கச்சி தன் புருஷனைத்தான் அனுப்பினாள். “வரமாட்டேங்கறா அண்ணி” என்று அவர் தலையைக் குனிந்துகொண்டே சொல்வார். எடையும் பார்க்காமல், ரத்தமும் பார்க்காமல், அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் அவரையே துருவித் துருவிக் கேட்பாள்.

நாற்பத்தோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, தங்கச்சி வந்து வாசலில் நின்றாள். நெற்றியில் தழும்பு.

“சாப்பிட்டியா?” என்றாள் அக்கா.

“சாப்பிட்டுத்தான் வந்தேன்.”

“ஏறு.”

வளையலைக் கழற்றப் போன கையை அக்கா பிடித்து நிறுத்தினாள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். இரண்டரை கிலோ கூடியிருந்தது. அக்கா அதை ஒரு சின்ன நோட்டில் நீல மையில் எழுதி, மூடி, அவள் கையிலேயே கொடுத்தாள்.

தங்கச்சி பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “திட்டலையா?”

“திட்ட வேண்டிய ஆளு நீ இல்லடி” என்று சொல்லிவிட்டு, அக்கா மெஷினைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, குடிதண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்கக் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.