கண்ணாடியில் ஒட்டிய பொட்டும் கண்ணில் மாட்டிய பெட்டியும்

பிள்ளைகளே, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் அது உங்களுக்கு நாய்க்காது வைத்துவிடுகிறது. முகம் உங்களுடையது, காது மட்டும் பொய். இன்னொன்று, கண்ணை அடைத்து மாட்டிக்கொள்ளும் பெட்டி. அதற்குள் தெரிவது எதுவும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கிடையாது. முதலாவதற்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்றும் இரண்டாவதற்கு விர்ச்சுவல் ரியாலிட்டி என்றும் பெயர் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவும் இல்லை. கல்கத்தாவில் கிரேன் ஓட்டி, களைத்து, ஒரு தடவை வாந்தியும் எடுத்துத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளில் தூத்துக்குடியிலிருந்து அங்கே போனேன். கிடர்பூர் துறைமுகத்தில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் வேலை. எனக்குக் கொடுத்தது பழைய கிரேன். தண்டவாளத்தின் மேல் நிற்கும். நீளமான கை ஒன்று, அந்தக் கையோடு சேர்ந்து நான் உட்காரும் கூண்டும் சுற்றும். ஏணி ஏறி உள்ளே போனால் மூன்று பக்கமும் கண்ணாடி. மே மாத வெயிலில் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்துவிட்டு இறங்கினால், வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூட எரிச்சலாக இருக்கும்.

கப்பலின் சரக்கு அறைக்குள்ளிருந்து மூட்டைக் கட்டைத் தூக்கி, அப்படியே சுற்றி, கீழே நிற்கும் லாரிக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். மேலிருந்து பார்த்தால் தூரம் பிடிபடாது. கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிவிட்டால் கட்டு ஊஞ்சலாக ஆடும். கீழே ஆட்கள் ஓடுவார்கள், கெட்ட வார்த்தை மேலே வரும். அதனால் கிரேன் ஓட்டுகிற எங்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடியில் அடையாளம் வைத்துக்கொள்வோம். நான் வைத்தது என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். பொட்டு அந்தத் தொட்டியை மறைத்ததென்றால் என் கொக்கி லாரிக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு பொட்டு, கிடங்குக் கூரையின் முனையைத் தொட்டால் கொக்கி கப்பல் அறைக்கு மேலே.

எனக்கு அடுத்த ஷிப்டில் ஏறுகிறவர் பீகார்க்காரர். நான் அவரைப் பையா, அதாவது ஹிந்தியில் அண்ணன் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார், இருவருக்கும் வயது ஒன்றுதான். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். என் பொட்டு அவருக்கு ஒத்துவராது. புகையிலையில் கசக்கப் பையில் வைத்திருக்கும் சுண்ணாம்பைத் தொட்டு, கண்ணாடியில் தன் உயரத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டார். கண்ணாடி துடைக்கும்போது அவர் புள்ளியை நான் துடைக்க மாட்டேன், என் பொட்டை அவர் உரிக்க மாட்டார். பத்துப் பதினைந்து வருடம் இப்படித்தான் ஓடியது.

பிறகு புதுக் கிரேன்கள் வரப்போகின்றன என்றார்கள். கண்ணில் பெட்டி மாட்டி ஒரு தேர்வு நடக்கும், அதில் பாஸானவர்களுக்குத்தான் புதுக் கிரேன், ஆளுக்கு மூன்று வாய்ப்பு, தவறினால் கீழே மூட்டை வேலை என்று மேனேஜர் சொன்னார். கீழே வேலை செய்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி வீடு கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். மகளுக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சை. இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் வீட்டைக் காலி செய் என்றால் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? மனைவி ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சிப் பக்கம் வாடகை வீடு விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து பள்ளிக்கு வர ரயில் ஏறி, ஹௌராவில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும்.

முதல் வாய்ப்பு ஒரு ஷிப்ட் முடித்த கையோடு வந்தது. ஆபீஸில் குளிரூட்டிய அறை. ஒரு நாற்காலி, இரண்டு லீவர். பயிற்சி கொடுக்க வந்தவர் முப்பது வயது வங்காளி. என்னைக் காக்கு, அதாவது சித்தப்பா என்று கூப்பிட்டார். அவரோடு நான் அரைகுறை வங்காளத்தில்தான் பேசினேன். பெட்டியை என் தலையில் வைத்து இறுக்கினார். கனமென்றால் கனம். உள்ளே ஒரு துறைமுகம், நீலத் தண்ணீர். இந்த ஊரில் அப்படித் தண்ணீரை நான் பார்த்ததில்லை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பியது, ஆனால் ஒரு இமைப்பு பின்தங்கித் திரும்பியது. லீவரைத் தள்ளினேன். கிரேன் சுற்றுவதைக் கண் பார்க்கிறது, நாற்காலி அசையவே இல்லை. நிஜக் கிரேனில் பாரம் ஏறினால் இருக்கை சொல்லும், முதுகு சொல்லும். இங்கே கண் ஒன்று சொல்ல, உடம்பு ஒன்று சொன்னது. ஒரு கட்டைத் தண்ணீரில் போட்டேன். இரண்டாவதைக் கப்பல் மேல்தளத்தில் போட்டேன். பெட்டியைக் கழற்றிவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்தாள்.

"என்ன இது, மூஞ்சி வெளுத்துப் போயி வந்திருக்கீய?"

"பெட்டிக்குள்ள ஒண்ணும் பிடிபடலை. அடையாளம் வைக்க ஒரு கண்ணாடி இல்லை."

"அங்கயும் ஒரு பொட்ட ஒட்டிர வேண்டியதுதானே. வருசம் பூரா என் பொட்டுதானே கிரேன் ஓட்டுச்சு, நீங்களா ஓட்டுனீய?"

கேலிக்குத்தான் சொன்னாள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு அசதி. மறுநாள் இரண்டாவது வாய்ப்புக்குப் பொட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பயிற்சிக்காரர் டீ வாங்கப் போன சமயம், பெட்டியைத் திருப்பி உள்ளே இருந்த லென்ஸின் நடுவில் ஒரு பொட்டை ஒட்டினேன்.

மாட்டிப் பார்த்தால் பொட்டையே காணோம். கண்ணுக்கு அவ்வளவு அருகில் இருந்ததால் ஏதோ கறுப்பாகக் கலங்கித் தெரிந்தது. அதுவும் நான் எங்கே பார்த்தாலும் கூடவே வந்தது. மேலே பார்த்தால் மேலே, கீழே பார்த்தால் கீழே. தொட்டியை மறைக்கிறதா, கூரையை மறைக்கிறதா, எல்லாவற்றையும் மறைக்கிறதா என்றே தெரியவில்லை. அந்தத் தடவையும் தவறிவிட்டேன். பயிற்சிக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"காக்கு! லென்ஸுக்குப் பொட்டு வச்சிருக்கீங்களே! இதுக்குக் கல்யாணமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரேன் கண்ணாடிப் பழக்கத்தை அவரிடம் சொன்னேன். வீட்டையும் பரீட்சையையும் சொன்னேன். அவர் லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். பசை லேசில் போகவில்லை.

"உங்க கிரேன்ல பொட்டு கிரேனோட சுத்துது. இங்க நீங்க ஒட்டினது உங்க தலையோட சுத்துது. அப்புறம் எப்படி அது அடையாளம் ஆகும்?"

அவ்வளவு நேரம் எனக்குப் புரியாதது அந்த ஒரு கேள்வியில் புரிந்துவிட்டது. பிறகு அவர் கம்ப்யூட்டரில் வேறொன்று காட்டினார். கிரேன் முனையில் கேமரா வைத்து எடுத்த நிஜமான துறைமுகப் படம். நிஜ லாரி, நிஜ ஆட்கள். அதன் மேல் பச்சைக் கோடு ஒன்று, பாரம் எங்கே இறங்கும் என்று காட்டியது. கை சுற்றச் சுற்றக் கோடும் இடம் மாறியது.

"நீங்க பொட்டு வச்சு செஞ்சது இதுதான் காக்கு. நிஜத்து மேல ஒரு குறி. அந்தப் பெட்டி வேற. அது நிஜத்தையே மூடிட்டு வேற ஒண்ணைக் காட்டுது."

"அப்ப இதையே வாங்கச் சொல்லுங்க. எங்களுக்கு வேலைக்கு இதுதானே உதவும்?"

"வேலைக்கு இது. கத்துக்க அது. இதுல ஒரு கட்டைக் கை தவறிப் போட்டா கீழ நிக்கிறது யாரு?"

எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு மழைநாள், என் கட்டு ஆடிப் போய் லாரியின் பக்கவாட்டில் இடித்தது. ஒருவர் குனிந்ததால் பிழைத்தார். அன்று இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பெட்டிக்குள் நான் இரண்டு நாளில் நான்கு கட்டுகளைப் போட்டிருந்தேன், ஒரு விரல்கூட நசுங்கவில்லை. அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் பயிற்சிக்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகளே, இதில் எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தப்புச் செய்து பழக ஒன்று, தப்பில்லாமல் வேலை செய்ய இன்னொன்று, அவ்வளவுதான். கம்பெனி பெட்டியை மட்டும்தான் வாங்கியது.

மூன்றாவது வாய்ப்பு சனிக்கிழமை மதியம். அதற்கு முந்தின நாட்களில் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் வாய்விட்டுப் படிப்பாள், நான் வந்ததும் குரலைக் குறைத்துக்கொள்வாள். அந்தக் குறைந்த குரல் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று பெட்டியை மாட்டியதும் லீவரைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்து அந்தப் பொய்க் கூண்டைச் சுற்றிப் பார்த்தேன். படம் வரைந்தவன் யாரோ ஒழுங்கான ஆள். கண்ணாடிக்குச் சட்டம் வைத்திருந்தான், சட்டத்தின் அடியில் மழைநீர் தள்ளும் வைப்பர்கூட வைத்திருந்தான். தலையை இடம் வலமாகத் திருப்பினேன். வைப்பர் என்னோடு வரவில்லை. கூண்டோடு நின்றது.

"காக்கு, தூங்கிட்டீங்களா? நேரம் ஓடுது."

"ஓடட்டும்."

மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். வைப்பரின் நுனி கரையிலிருந்த வெள்ளைக் கம்பத்தைத் தொட்டபோது கொக்கி லாரிக்கு மேலே நின்றது. இன்னொரு பக்கம், சட்டத்தின் மூலை கப்பலின் புகைப்போக்கியைத் தொட்டபோது அறைக்கு மேலே. இருக்கை சொல்லும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன். நெற்றி வியர்த்துப் பெட்டி வழுக்கியது, குமட்டல் தொண்டை வரை வந்து நின்றது. எச்சிலை விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டாக இறக்கினேன். ஒன்று மட்டும் லாரி விளிம்பில் உரசியது. மற்றவை ஒழுங்காக இறங்கின.

"பாஸ்," என்றார் பயிற்சிக்காரர். "கடைசி வாய்ப்புல வந்தாலும் பாஸ் பாஸ்தான்."

வெளியே பையா தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதுவே கடைசி வாய்ப்பு. நாங்கள் ஹிந்தியில்தான் பேசுவோம்.

"வைப்பரைப் பாருங்க பையா. அது கூண்டோடதான் சுத்துது. சுண்ணாம்புப் புள்ளி மாதிரி வச்சுக்கோங்க."

"அண்ணா, கண்ணைத் திறந்தாத்தானே வைப்பர் தெரியும்? அதை மாட்டினதும் எனக்குக் கண்ணு தானா மூடிக்குது."

"ஒரு நிமிஷம் திறந்து பாருங்க."

"பார்க்கிறேன். நீங்க போங்க, வீட்டுல காத்திருப்பாங்க."

அவர் திறந்து பார்த்தாரா என்று நான் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை அவர் கீழே மூட்டைக் கும்பலில் நின்றார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவருடைய குடும்பம் ஊரில் இருந்தது, அதனால் அவருக்கு வீட்டுக் கவலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது மாலை நாலரை இருக்கும். பெட்டி தந்த கிறக்கம் இன்னும் தெளியவில்லை, வாசற்படி ஏறும்போது படி ஆடியது. மனைவி கதவைத் திறந்தாள்.

"வீட்டைக் காலி செய்ய வேண்டாம்," என்றேன்.

அவள் கதவுச் சட்டத்தில் அப்படியே சாய்ந்துகொண்டாள். "வாங்க, உக்காருங்க. காப்பி போடுதேன்," என்றாள்.

மகள் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். தமிழும் வங்காளமும் கலந்துதான் அவள் பேசுவாள், அப்பா என்பதும் அவளுக்குப் பாபாதான்.

"பாஸா, பாபா?"

"பாஸ்."

"அப்போ தொரோ," என்று பூகோளப் புத்தகத்தை நீட்டினாள். பிடி என்று அர்த்தம். "கேள்வி கேளுங்க. இன்னைக்கு நதிகள் பூராவும் முடிக்கணும்."

வாங்கிப் பிரித்தேன். எழுத்துகள் தண்ணீர் மேல் மிதப்பது போலப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வரியும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"கேள்வியையும் நீயே படியேன்ம்மா," என்றேன் மகளிடம். "நான் பதிலை மட்டும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குரலைக் குறைக்காமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.